நிலமும் ஒளியும் – 14: காலடிக் கல் முதல் தூரத்து மலை வரை

சென்ற வாரம் ஷட்டர் வேகத்தைப் பார்த்தோம். இந்த வாரம் ஓர் எண்ணிலிருந்து தொடங்குவோம்: 64.

1932 நவம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகத்தில் ஒரு புகைப்படக் கண்காட்சி நடந்தது. ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானோர் ஒரு குழுவாகச் சேர்ந்திருந்தார்கள். குழுவின் பெயர் ‘எஃப்/64’. புகைப்படம் ஓவியம்போல் தெரியவேண்டும் என்று வேண்டுமென்றே மங்கலாக்கிய பாணி செல்வாக்கோடு இருந்த காலம் அது. கல்லைக் கல்லாகவும் இலையை இலையாகவும் துல்லியமாகக் காட்டுவதே கேமராவின் பலம் என்றார்கள் இவர்கள். பெரிய கேமரா லென்ஸ்களின் மிகச் சிறிய துளைகளில் ஒன்றான எஃப்/64 அவர்கள் கொள்கைக்கே பெயராயிற்று.

துளை சிறுத்தால் தெளிவு ஏன் கூடுகிறது? ஃபோகஸுக்கு வெளியே இருக்கும் ஒரு புள்ளி, சென்சாரில் சிறு வட்டமாக விழுகிறது. துளை சிறுக்கச் சிறுக்க வட்டமும் சுருங்கும். ஓரளவுக்குக் கீழே போனால் நம் கண் அதைப் புள்ளியாகவே எடுத்துக்கொள்ளும். அப்படிக் கண் ஏற்கும் முன்பின் தூரத்தைத்தான் ‘டெப்த் ஆஃப் ஃபீல்டு’ என்கிறோம்.

அப்படியானால் நாமும் எஃப்/22 வைத்துவிடலாமா? வேண்டாம். மிகச் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து சிதறும். படம் முழுவதும் கூர்மை குறையும். வெஸ்டன் 8×10 அங்குல நெகட்டிவை அதே அளவில் அச்சிட்டார். அந்தச் சிதறல் கண்ணில் படவில்லை. நம் ஃபுல் ஃபிரேம் சென்சாரோ 36×24 மில்லிமீட்டர். ஏ4 தாளில் அச்சிடவே எட்டு மடங்கு பெரிதாக்கவேண்டும். சிதறலும் கூடவே பெரிதாகும். எனவே எஃப்/8 முதல் எஃப்/11 வரை போதும். மிக அவசியமென்றால் மட்டும் எஃப்/16.

அடுத்து, எங்கே ஃபோகஸ் செய்வது? பலரும் தூரத்து மலையில் செய்கிறார்கள். 24 எம்எம் லென்ஸில், எஃப்/11இல், அப்போது தெளிவு சுமார் 1.8 மீட்டரிலிருந்துதான் தொடங்கும். அந்த 1.8 மீட்டரிலேயே ஃபோகஸ் செய்து பாருங்கள்: சுமார் 90 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை துலங்கும். இதற்குப் பெயர் ‘ஹைப்பர்ஃபோகல்’ தூரம். 50 எம்எம் லென்ஸில் இதே துளைக்கு அது ஏறத்தாழ 7.6 மீட்டர், தெளிவு 3.8 மீட்டரில் தொடங்கும். முன்னால் ஒரு பாறையை வைத்துப் படமெடுக்க அகல லென்ஸ் ஏன் தோதானது என்பது இப்போது புரியும். பெரிய அச்சுக்கு இந்தக் கணக்கு சற்றுத் தாராளமானது. தொலைவு முக்கியமென்றால் ஃபோகஸைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

கேமரா அசைந்தால் இத்தனை கணக்கும் வீண். ட்ரைபாட், குறைந்த ஐஎஸ்ஓ, இரண்டு விநாடி டைமர் மூன்றும் வேண்டும். லைவ் வியூவில் பெரிதாக்கிப் பார்த்து, கையால் ஃபோகஸ் செய்யுங்கள். புல் காற்றில் ஆடினால் அது அடங்கும்வரை காத்திருங்கள்.

இந்த ஞாயிறு விடியற்காலையில் ஒரு பயிற்சி. எஃப்/11 வைத்து, ஒரே இடத்தில் மூன்று படங்கள்: முதலாவது அருகிலுள்ள கல்லில் ஃபோகஸ், அடுத்தது ஹைப்பர்ஃபோகல் தூரத்தில், மூன்றாவது அடிவானத்தில். வீட்டுக்கு வந்து மூன்றையும் முழு அளவில் பெரிதாக்கி, கல்லையும் மலையையும் மாறி மாறிப் பாருங்கள். உங்கள் லென்ஸுக்குச் சரியான தூரத்தை அந்தப் படங்களே சொல்லிவிடும்.

(தொடரும்)