முதுமை மறதி: வல்லாரையும் வாழ்க்கை முறையும்

வல்லாரைச் சம்பல் உண்டால் ஞாபகசக்தி பெருகும் என்று பரீட்சைக் காலங்களில் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி ஊட்டுவது யாழ்ப்பாணத்துத் தாய்மாரின் வழக்கம். அப்பிள்ளைகள் இன்று சிட்னியிலும் மெல்பேணிலும் எழுபதைத் தாண்டிய பெரியவர்கள். தெரிந்தவரின் பெயர் வாயில் வராமல் தடுமாறும்போது அவர்கள் மீண்டும் வல்லாரையையே நாடுகின்றனர். இம்முறை இலையாக அன்று, போத்தலில் அடைத்த மாத்திரையாக. இதனாற் பயனுண்டா, இல்லையேல் வேறெதனால் உண்டு என்பதை நம்மவர் அறிந்துகொள்வது அவசியம்.

பெயர் மறப்பதும் மூக்குக்கண்ணாடியை வைத்த இடம் மறப்பதும் நோயல்ல. பல்லாண்டு சமைத்த குழம்பின் பக்குவம் மாறிப்போவது, பழகிய தெருவில் வழி தவறுவது, கேட்ட கேள்வியையே பத்து நிமிடத்தில் மும்முறை கேட்பது, காசுக்கணக்குப் பிழைப்பது ஆகியவை மெல்ல மெல்லக் கூடிவந்தால் அது டிமென்ஷியா எனப்படும் முதுமை மறதி நோயாக இருக்கலாம். இதில் அல்சைமர் நோயே பெரும்பான்மை. மூளையின் இரத்தக் குழாய்கள் பழுதடைவதால் வருவது அடுத்தது. இரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பதும் உண்டு.

மூலிகைகளைப் பொறுத்தவரை முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். ‘பிரமி’ என்ற பெயரில் வல்லாரை, நீர்ப்பிரமி என்னும் இருவேறு செடிகளும் விற்பனையாகின்றன. நீர்ப்பிரமியை மெல்பேணிலுள்ள சுவின்பேர்ண் பல்கலைக்கழகத்தார் முறைப்படி சோதித்து 2001இல் முடிவுகளை வெளியிட்டனர். நாற்பத்தாறு ஆரோக்கியமானவர்கள் பன்னிரண்டு வாரம் பங்குகொண்ட அச்சோதனையில், சாற்றை உட்கொண்டோருக்குக் கற்கும் வேகத்திலும் நினைவிலும் சிறிது முன்னேற்றம் தென்பட்டது. ஆயினும் அவர்கள் நோயாளர் அல்லர். பன்னிரண்டு வாரமும் நீண்ட காலமன்று. டிமென்ஷியாவை அது தடுக்கும் என்று கூற இது போதாது. பெரும் புகழ் பெற்ற ஜிங்கோ இலையை அமெரிக்காவில் எழுபத்தைந்து வயதைத் தாண்டிய மூவாயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தனர். நோய் தடுபடவில்லை என்று 2008இல் அறிவித்தனர். வல்லாரைச் சம்பலை விடவேண்டாம். அது நல்ல கீரை, ருசியும் உண்டு. மாத்திரைக்குக் கொட்டும் பணத்தை மட்டும் மிச்சப்படுத்தலாம்.

பயன் தருவது எது என்பதற்கு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலேயே ஒரு சான்று கிடைத்துள்ளது. பேராசிரியர் ஹென்றி பிராடட்டி தலைமையில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தார் 55 முதல் 77 வயது வரையிலான ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு உடற்பயிற்சி, உணவு, மூளைப் பயிற்சி, மனச்சோர்வு நீக்கல் ஆகியவற்றில் அவரவர்க்குத் தேவையானதை வீட்டிலிருந்தே கணினி வழியாக மூன்றாண்டுகள் பயிற்றுவித்தனர். மறு பிரிவினருக்குப் பொதுவான தகவல்கள் மட்டுமே வழங்கப்பட்டன. பயிற்சி பெற்றோரின் சிந்தனைத் திறன் மற்றவர்களினதைவிட நன்றாக இருந்தது என்று 2025இல் வெளியான முடிவு கூறுகிறது. இங்கு அளக்கப்பட்டது சிந்தனைத் திறனேயன்றி நோய் வந்ததா இல்லையா என்பதன்று. எனினும் மாத்திரை எதுவுமின்றி இவ்வளவு பேரிடம் இப்பயன் கிட்டியது சிறிய விடயமல்ல.

உலகில் ஏற்படும் டிமென்ஷியாவில் ஏறத்தாழ 45 சதவீதத்தைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று லான்செற் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மதிப்பிட்டது. அது கூறிய பதினான்கு காரணங்களில் நம்மவருக்கு மிக நெருங்கியவை இரத்த அழுத்தம், நீரிழிவு, கொலஸ்திரோல், உடலுழைப்பின்மை, செவிப்புலன் குறைவு, தனிமை ஆகியன. தெற்காசியருக்கு நீரிழிவு ஏனையோரைவிடக் குறைந்த வயதிலும் குறைந்த உடற்பருமனிலும் வந்துவிடுகிறது. எனவே மூளையைக் காக்கும் வேலை எழுபதில் அன்று, நாற்பதிலேயே தொடங்கவேண்டும். கோயிலுக்குப் போய்வந்த கையோடு மூன்று வடையும் சர்க்கரைப் பொங்கலும் உண்டுவிட்டு ஞாபகசக்திக்கு மருந்து கேட்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சைவ உணவினர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்றமின் பி12 குறைந்தாலும் மறதியும் மந்தமும் தோன்றும். நீரிழிவுக்காக மெற்போமின் உட்கொள்வோருக்கு இக்குறை மேலும் எளிதில் வரும். தைரொயிட் சுரப்பி மந்தமாவதும் மனச்சோர்வும் இவ்வாறே ஏமாற்றும். இவை குணப்படுத்தக் கூடியவை. ஆகவே இரத்தப் பரிசோதனை செய்யாமல் ‘வயது போய்விட்டது’ என்று ஒதுக்கிவிடலாகாது.

காது கேளாமை நம்மிடையே வேடிக்கையாகவே கருதப்படுகிறது. கேளாதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். ஒதுங்கியவரின் மூளைக்கு வேலை குறைகிறது. அமெரிக்காவில் 977 பேரிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் காதுக் கருவியால் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் ஏற்கெனவே நோய் வரும் வாய்ப்பு மிகுந்தவர்களிடம் சிந்தனைத் திறன் குறையும் வேகம் ஏறத்தாழப் பாதியாகியது. ஓய்வூதியர் சலுகை அட்டை உள்ளவர்களுக்கு மத்திய அரசின் திட்டத்தில் கருவி இலவசமாகவே கிடைக்கும். பெற்றோர் விசாவில் வந்தவர்கள் முதற் பத்தாண்டுகளில் பெரும்பாலும் அவ்வட்டையைப் பெற இயலாது. அவர்களுக்குப் பிள்ளைகளே வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்பெற்றோரின் நிலைதான் மிகவும் கவலைக்குரியது. பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வந்தார்கள்; பிள்ளைகள் வளர்ந்து பள்ளிக்குப் போய்விட்டார்கள். கார் ஓட்டத் தெரியாது, ஆங்கிலம் சரளமில்லை, காலை எட்டு முதல் மாலை ஆறு வரை பூட்டிய வீட்டில் தொலைக்காட்சியே துணை. ஊரில் சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்த கால்களும், வேலியோரம் நின்று கதைத்த வாயும் இங்கு ஓய்ந்துவிடுகின்றன. வென்ட்வேர்த்விலிலோ டண்டினோங்கிலோ அயலிலுள்ள நாலைந்து முதியவர்கள் சேர்ந்து தினமும் அரைமணி நேரம் கதைத்துக்கொண்டே நடந்தால் உடற்பயிற்சியும் உறவும் ஒருங்கே கிட்டும். கோடை வெயிலில் குளிரூட்டிய கடைத்தொகுதிக்குள் நடக்கலாம். வயலினோ வேறெதுவோ புதிதாகக் கற்பதும், பேரனுக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதும் குறுக்கெழுத்துப் போட்டியைவிடக் குறைந்தவையல்ல.

சந்தேகம் எழுந்தால் குடும்ப வைத்தியரிடம் செல்வதற்கு வெட்கப்படத் தேவையில்லை. ஆங்கிலத்தில் வினவும் சோதனைகளில் நம் முதியவர்கள் தோற்பது மொழியினாலா மறதியினாலா என்று சொல்வது கடினம். இதற்கென்றே பல மொழியினருக்கும் பொருந்தும் ‘ரூடாஸ்’ என்னும் சோதனை சிட்னியில் உருவாக்கப்பட்டு 2004இல் வெளியிடப்பட்டது. கடையில் வாங்கவேண்டிய நான்கு பொருள்களை நினைவில் வைப்பதும், நெரிசலான தெருவை எப்படிக் கடப்பீர்கள் என்று விளக்குவதும் அதில் அடங்கும். இதையே செய்யும்படி வைத்தியரிடம் கேட்கலாம். 131 450 என்ற எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் பெறலாம். தேசிய டிமென்ஷியா உதவி எண் 1800 100 500.

நோய் வந்தபின் அதை நீக்கும் மருந்து இல்லை. ஆனால் துன்பத்தைக் குறைக்க முடியும். நாள்தோறும் ஒரே ஒழுங்கு, பகலில் வெளிச்சமும் நடையும், மாலையில் சத்தம் குறைந்த வீடு ஆகியன பதற்றத்தைத் தணிக்கும். சிறுவயதில் மனனஞ் செய்த தேவாரம், பிள்ளையின் பெயர் மறந்த பின்னும் நாவில் வருவதுண்டு. கூடவிருந்து பாடினால் முகம் மலரும். ‘இப்போதுதானே சொன்னேன்’ என்று திருத்துவதால் ஒரு பயனுமில்லை.

முப்பதாண்டு ஆங்கிலத்தில் வேலை பார்த்தவரும் நோய் முற்றும்போது பிந்திக் கற்ற ஆங்கிலத்தை இழந்து தமிழுக்கே திரும்பிவிடுவதுண்டு. முதியோர் இல்லத்தில் சேர்க்க நேரிட்டால் குடும்பத்தார் ஒரு தாளில் அவரை எப்படி அழைக்கவேண்டும், எந்த நாள் விரதம், எதை உண்ணமாட்டார் என்பவற்றோடு, அவர் சொல்லக்கூடிய பத்துப் பதினைந்து சொற்களையும் ஆங்கில எழுத்தில் எழுதிப் பொருளுடன் கட்டிலருகே ஒட்டிவைத்தல் நன்று. தண்ணி, நோகுது, ஒண்டுக்கு, குளிருது, காணும். ‘காணும்’ என்றால் போதும் என்று அறியாத பணிப்பெண், அவர் கையைத் தட்டிவிடும் வரை ஊட்டிக்கொண்டே இருப்பாள். பின்பு அவர் முரடர் என்று குறிப்பேட்டில் எழுதப்படும்.