டயர் சொல்லும் சேதி

கார் பராமரிப்பைக் கற்றுக்கொள்ள நினைப்பவர்கள், பானட்டைத் திறக்கும் முன் குனிந்து டயரைப் பார்க்க வேண்டும். டன் கணக்கில் எடையுள்ள வண்டியைச் சாலையோடு பிணைத்திருப்பது, ஒவ்வொரு டயரிலும் ஏறக்குறைய உள்ளங்கை அளவே உள்ள ரப்பர் பரப்புதான். பிரேக் பிடிப்பதும் வளைவில் திரும்புவதும் அதை நம்பித்தான்.

முதலில் காற்று. எவ்வளவு அடிக்க வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்ச வரம்பு. அந்த அளவுக்கு அடிக்கக் கூடாது. ஓடிச் சூடான டயர் அழுத்தத்தைக் கூட்டிக் காட்டும் என்பதால், காலையில் வண்டியை எடுத்ததும் சோதிப்பதே சரி. காற்று குறைந்தால் பக்கச் சுவர் மடங்கி மடங்கி நிமிர்ந்து டயர் சூடேறும். நெடுஞ்சாலையில் அது வெடிக்கவும் கூடும்.

அடுத்தது தேய்மானம். டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சின்னச் சின்ன ரப்பர் மேடுகள் தெரியும். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மழைநீர் வெளியேற வழியின்றி கார் வழுக்கும். இரு ஓரங்களும் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரே ஓரம் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும்.

வயதையும் டயரே சொல்லிவிடும். பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள் 2321 என்றிருந்தால், அது 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது.

மாதம் ஒருமுறையும் நெடும்பயணத்துக்கு முன்பும் ஸ்டெப்னியையும் சேர்த்துச் சோதித்துவிடுங்கள்.