பூட்டாத 'வைபை'!

எங்கள் தெருவில் இன்டர்நெட் இணைப்பு கொடுக்க வரும் பையன், வீட்டுக்காரரின் மொபைல் எண்ணையே பாஸ்வேர்டாகப் போட்டு விட்டுப் போய் விடுகிறான். தெருவில் யாருக்குத்தான் அந்த எண் தெரியாது? 'நாலு பிள்ளைங்க பாட்டு பார்த்துட்டுப் போகட்டுமே, நமக்கென்ன நஷ்டம்'ங்கிறார், பக்கத்து வீட்டு மாமி.

நஷ்டம் டேட்டாவில் இல்லை. 2008 ஜூலையில், ஆமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் இ-மெயில், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின், பூட்டாத வைபை வழியாகத்தான் போயிருந்தது. போலீஸ் போய் நின்றது அவர் வீட்டு வாசலில்!

அதைப் படித்ததும், ஒன்பதாவது படிக்கும் மகளைப் பக்கத்தில் வைத்துக் கொண்டு, நானே மாற்றி விட்டேன். ரௌட்டர் பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில், பெரும்பாலும் ஒரு முகவரி இருக்கும். அதை மொபைலில் போட்டு உள்ளே போனால், 'செக்யூரிட்டி' என்று ஓரிடம். அங்கே, 'டபிள்யூ.பி.ஏ.3' இருந்தால் அது, இல்லாவிட்டால், 'டபிள்யூ.பி.ஏ.2!' நம் தகவலை அடுத்தவர் படிக்க முடியாதபடி குழப்பி அனுப்புவது இதுதான். 'டபிள்யூ.இ.பி.,' வேண்டவே வேண்டாம். 2001லேயே உடைபட்ட பூட்டு அது.

பாஸ்வேர்டு, 8 எழுத்துக்குக் குறையக் கூடாது. 63 வரை போகலாம். நான், சமையலறை சாமான்கள் ஐந்தின் பெயரைக் கோர்த்து, நடுவில் எண் போட்டிருக்கிறேன். என்னென்ன சாமான் என்று மாமியிடம் கூட மூச்சு விடவில்லை! ரௌட்டருக்குள் நுழையும் பாஸ்வேர்டு தனி, அதையும் மாத்தணும். அப்புறம், 'டிவி', மொபைல் எல்லாவற்றிலும் புதுசைப் போட, அரை மணி நேரம் ஆகும்.

– ஒரு வாசகி, ஈரோடு.