தாய் நாயும் குருளைகளும்

நன்றியறிதலுக்கு நாயை எடுத்துக்காட்டாகக் கூறுதல் நம் நாட்டார் வழக்கு. நம் முன்னோர் அவ்விலங்கோடு நெருங்கிப் பழகினர் என்பதற்குத் தமிழில் சான்றுகள் பல உள. நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமையையும் குருளை என்று வழங்குதல் மரபு எனத் தொல்காப்பிய மரபியல் வரையறுக்கின்றது. பெண் நாய்க்குப் பிணவு என்னும் பெயரையும் அஃது உரைக்கின்றது. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில், ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உண்டு. பூசலில் உயிர் துறந்த வீரன் ஒருவனது உருவத்தோடு, கள்வரைக் கடித்துக் காவல் புரிந்த கோவிவன் என்னும் நாயின் உருவமும் அதிற் பொறிக்கப்பெற்றுள்ளது. அண்மைக் காலத்திலும், 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் முத்திரைகளுள் நம் இராசபாளையம் நாயும் இடம் பெற்றது.

இங்ஙனம் நாயைச் சிறப்பித்த நாம், அது குட்டி ஈன்று கிடக்கும் காலத்தில் செய்யத்தக்கன யாவை, செய்யத்தகாதன யாவை என்பதை அறிந்துள்ளோமா? யான் அறிந்திலேன். அவ்வறியாமையால் ஓர் உயிர் போயிற்று. அதன்பின் கற்றுக்கொண்டவற்றை நம் கல்லூரி அன்பர்க்கு உரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எங்கள் வீடு தேவகோட்டையில், நகரத்தார் பெருவீடுகள் நிறைந்த தெரு ஒன்றின் கோடியில் உள்ளது. அப்பெருவீடுகளிற் பல, ஆண்டிற் பெரும்பகுதியும் பூட்டியே கிடப்பன. திருமணமோ படைப்போ நேரும்பொழுதே திறக்கப்பெறுவன. ஆட்கள் இல்லாத அத்திண்ணைகளில் வாழும் தெரு நாய்களுள் ஒன்று செவலை. சென்ற மார்கழி விடுமுறையில் யான் ஊரில் இருந்தபொழுது, அது எங்கள் கொல்லையிலுள்ள விறகுக் கொட்டகையில் ஆறு குட்டிகளை ஈன்றது. இரண்டாம் நாள் மாலையில், செவலை வெளியே சென்றிருந்த நேரம் பார்த்து, யானும் என் தம்பியும் குட்டியொன்றைக் கூடத்திற்கு எடுத்து வந்தோம். அதன் அழகைக் கண்டு மகிழ்ந்து, சிமெண்டுத் தரையில் பழைய துண்டொன்றை விரித்துக் கிடத்தி, அங்ஙனமே உறங்கிவிட்டோம். விடியலில் அது சில்லிட்டுக் கிடந்தது. பசி போலும் என்றெண்ணி, அதனை மல்லாத்திப் பிடித்துச் சங்கினாற் பசும்பால் புகட்டினோம். பால் மூக்கின் வழியே வந்தது. நண்பகலுக்குள் குட்டி இறந்துபட்டது.

அப்பத்தா எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. “குட்டியை அவள் பார்த்துக்கொள்வாள், நீங்கள் அவளைப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னார். பின்னர் யான் சந்தித்த கால்நடை மருத்துவர் ஒருவர் ஒரு மணி நேரம் பொறுமையாக எடுத்துரைத்தவற்றின் சாரமும் அதுவே. எங்கள் பிழை ஒன்றன்று, மூன்று என்பதை அவர் சொல்ல அறிந்தேன்.

முதற்பிழை, குட்டியைச் சூட்டினின்று பிரித்தது. வளர்ந்த நாயின் உடற்சூடு ஏறத்தாழ 101 முதல் 102 பாகை வரை இருக்கும். பிறந்த குட்டிக்கோ முதல் வாரத்தில் 95 முதல் 98 பாகை வரையே உண்டு. அதனையும் அது தானே காத்துக்கொள்ள இயலாது. நமக்குக் குளிர்ந்தால் உடல் நடுங்கிச் சூடு பிறக்கின்றது. பிறந்த குட்டிக்கு அந்நடுக்கமும் இல்லை. தாயின் வயிறும் உடன்பிறப்புகளின் நெருக்கமுமே அதன் போர்வை. முதல் வாரத்தில் குட்டிகள் கிடக்கும் இடம் 85 முதல் 90 பாகை வரை சூடுடையதாக இருத்தல் வேண்டும். மார்கழி இரவில் எங்கள் ஊர்க் குளிர் 70 பாகையை ஒட்டி நிற்கும். அது நமக்கு இதமான குளிர். தனியே கிடக்கும் குட்டிக்கு அது கூற்றம்.

இரண்டாம் பிழை, குளிர்ந்த குட்டிக்குப் பால் புகட்டியது. உடற்சூடு 94 பாகைக்குக் கீழிறங்கின், குட்டியின் குடல் இயக்கம் நின்றுவிடும். அந்நிலையில் உட்சென்ற பால் செரியாது, நஞ்சாகவே முடியும். ஆதலின், சில்லிட்ட குட்டியைக் கண்டால் முதலிற் சூடு, பின்னரே பால் என்பதை நினைவிற் கொள்க. அதனையும் மெல்ல மெல்லச் செய்தல் வேண்டும். துணியிற் பொதிந்து நம் மார்போடு அணைத்துக்கொள்ளலாம். வெந்நீர்ப் புட்டியைத் தடித்த துணியிற் சுற்றி அருகில் வைக்கலாம். அடுப்பருகே கிடத்துதலும் வெந்நீரில் அமிழ்த்துதலும் கேடு தரும். கொட்டகையில் மின்விளக்கு வைப்போர், ஒரு மூலையில் மட்டும் வைத்துச் சூடு மிகின் குட்டிகள் விலகிச் செல்ல இடம் விடுதல் வேண்டும்.

மூன்றாம் பிழை, மல்லாத்திப் புகட்டியது. மனிதக் குழந்தைக்கு நாம் செய்வது போலக் குட்டிக்குச் செய்தல் ஆகாது. அங்ஙனம் செய்யின் பால் மூச்சுக்குழலிற் புகுந்து நுரையீரலைக் கெடுக்கும். குட்டி தாயிடம் எவ்வாறு பருகுகின்றதோ அவ்வாறே, வயிறு கீழாகவும் தலை சற்று நிமிர்ந்தும் இருக்குமாறு பிடித்தே பால் தருதல் வேண்டும்.

இனி, பாலின் தன்மையைக் கூறுவோம். ஈன்றவுடன் சுரக்கும் சீம்பாலில் நோயெதிர்க்கும் ஆற்றல் நிறைந்துள்ளது. குட்டியின் குடல் அவ்வாற்றலை ஈர்த்துக்கொள்வது முதல் ஒரு நாள் அளவே. அதிலும் தொடக்க மணிகளே சிறந்தன. ஆதலின், பிறந்த குட்டி ஒவ்வொன்றும் தாயின் முலையைப் பற்றியதா என்று பார்த்தலே நாம் செய்யத்தக்க முதற்பணி. நலிந்த குட்டியை வலியன தள்ளிவிடும். அதனைப் பால் மிகுதியாக உள்ள பின்முலையருகே நாமே சேர்த்துவிடலாம். பசும்பாலை நோக்க, நாய்ப்பாலிற் புரதமும் கொழுப்பும் ஏறக்குறைய இரு மடங்கு உண்டு, சர்க்கரையோ குறைவு. எனவே பசும்பால் மட்டுமே உண்ணும் குட்டி மெலியும், கழிச்சலும் காணும். தாயற்ற குட்டிகட்கென்றே செய்யப்பெற்ற பால்மாவு இக்காலத்து மருந்துக் கடைகளிற் கிடைக்கின்றது. அதனை மருத்துவர் கூறும் அளவில், முதல் வாரம் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும் தருதல் வேண்டும். தாய் செய்யும் வேலை எத்துணைப் பெரிது என்பது அவ்விரவுகளில் விளங்கும்.

அவ்வேலை பாலூட்டுதலோடு முடிவதில்லை. முதல் மூன்று வாரங்கள் வரை குட்டி தானே சிறுநீரும் மலமும் கழிக்க வல்லதன்று. தாய் அதன் அடிவயிற்றை நக்கித் தூண்டிய பின்னரே கழிக்கும். தாயில்லாக் குட்டிக்கு, வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சினால் ஒவ்வொரு முறை பாலூட்டிய பின்னும் நாம் அதனைச் செய்தல் வேண்டும். இதனை அறியாது, வேளை தவறாமற் பாலூட்டியும் குட்டியை இழந்தோர் உளர்.

தாயைப் பேணுதல் எங்ஙனம்? பிறர் காலடி படாத, காற்றும் மழையும் தாக்காத, உலர்ந்த இடம் அதற்கு வேண்டும். சாக்கு விரித்து, நனைந்தபொழுதெல்லாம் மாற்றுதல் நன்று. அதற்குப் பழக்கமானவர் ஒருவரே உணவு கொண்டுசெல்க. அயலார் கூட்டமாக நின்று பார்ப்பின், தாய் அஞ்சிக் கடிக்கவும் கூடும். குட்டிகளைக் கவ்விக்கொண்டு வேறிடம் தேடி அலையவும் கூடும்.

பால் பெருகும் மூன்றாம் நான்காம் வாரங்களில், தாய் நாய்க்கு வழக்கத்தினும் இரண்டு மூன்று மடங்கு உணவு வேண்டும். அதனை ஒரே வேளையிற் கொட்டாது, மூன்று நான்கு வேளையாகப் பகுத்து இடுதல் நன்று. சோறு மட்டும் போதாது. முட்டை, தயிர், வேகவைத்த இறைச்சி, முள் நீக்கிய மீன் ஆகியவற்றுள் இயன்றதைக் கலத்தல் வேண்டும். நீர் எந்நேரமும் அருகில் இருத்தல் இன்றியமையாதது. நீர் குறையின் பால் குறையும். செட்டிநாட்டு வீடுகளில் மிஞ்சிய குழம்பை நாய்க்கு ஊற்றுதல் வழக்கம். அக்குழம்பில் நிறைந்துள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் குருதியைக் கெடுப்பன. ஆதலின் அவ்வழக்கத்தைக் கைவிடுக. வெந்த எலும்பும் சிலும்பாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

தாய்க்கு நேரும் இடர்களுள் மூன்றனைக் குறித்து விழிப்பாக இருத்தல் வேண்டும். முலை சிவந்து, கல்லெனத் தடித்து, தொட்டாற் கொதிப்பது முலையழற்சி. ஈன்ற பின் சில வாரங்கள் செம்பழுப்பு நீர் சிறிது கசிதல் இயல்பே. அது நாற்றம் வீசின் கருப்பையில் நோய் உண்டென்று அறிக. மூன்றாவது மிகக் கொடிது. பாலோடு சுண்ணச் சத்து மிகுதியாகச் செல்வதால், தாயின் குருதியில் அது குன்றிவிடும். தாய் அமைதியின்றி மேல்மூச்சு வாங்கும், கால்கள் விறைக்கும், உடல் நடுங்கும், பின்னர் வலிப்பு வரும். குட்டி ஈன்ற நான்கு வாரத்திற்குள், சிறப்பாகச் சிறிய உடலும் பல குட்டிகளும் உடைய நாய்களுக்கு, இது நேரும். காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் கொண்டுசென்றால் ஊசி மருந்தினால் விரைவிற் குணமாகும். தாழ்த்தினால் உயிர்க்கு இறுதி. அதுகாறும் குட்டிகளைப் பால் குடியாமல் விலக்கி வைத்தல் வேண்டும்.

குட்டிகளின் வளர்ச்சியைக் காண ஒரு தராசு போதும். பிறந்தபொழுது இருந்த நிறை எட்டுப் பத்து நாட்களில் இரட்டிக்கும். நாள்தோறும் நிறுத்துக் குறித்தால், எக்குட்டிக்குப் பால் போதவில்லை என்பது அழுகைக்கு முன்னரே தெரிந்துவிடும். கண்கள் பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் திறக்கும். அவற்றை நாம் விரித்துப் பார்த்தல் தவறு. செவிகள் அதன்பின் சில நாட்களில் திறக்கும். மூன்று நான்கு வாரங்களில், குழைந்த உணவை நக்கப் பழக்கலாம். எட்டு வாரம் நிரம்பும்வரை தாயினின்று பிரித்தலாகாது. கடிக்கும் வலிமையை அடக்கிக்கொள்ளக் குட்டி கற்பது உடன்பிறப்புகளோடு விளையாடும் அக்காலத்திலேயே ஆகும்.

நோய்த்தடுப்பும் இப்பருவத்திற்கு உரியதே. குடற்புழுக்கள் கருவிலும் பாலிலும் தாயிடமிருந்தே குட்டிக்கு வருகின்றன. ஆதலின் இரண்டாம் வாரம் தொடங்கி, இரு வாரத்திற்கு ஒருமுறை எட்டாம் வாரம் வரை, தாய்க்கும் குட்டிக்கும் மருத்துவர் கூறும் புழுநீக்க மருந்து தருதல் வேண்டும். குருதிக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோ என்னும் நோய் 1978ஆம் ஆண்டளவில் உலகெங்கும் பரவியது. அதற்குரிய தடுப்பூசியை ஆறு முதல் எட்டாம் வாரத்திற்குள் தொடங்குவர். வெறிநோய்த் தடுப்பூசி மூன்றாம் திங்களில் இடப்பெறும். பின்னர் மருத்துவர் குறிக்கும் காலந்தோறும் அதனைத் தொடர்தல் வேண்டும்.

வெறிநோயைப் பற்றி ஒரு சொல். பாஸ்டர் பெருமகனார் 1885ஆம் ஆண்டில் அதற்கு ஊசி கண்டார். நம் குன்னூரில் அவர் பெயரால் அமைந்த நிலையம் 1907 முதல் அப்பணியை ஆற்றி வந்துள்ளது. அங்ஙனமிருந்தும், குட்டிதானே என்று அதன் பற்பதிவையும் நகக்கீறலையும் புறக்கணிப்போர் இன்றும் உளர். குட்டிக்கும் வெறிநோய் வரும். தோல் கீறியவுடன் பதினைந்து நிமிடம் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும். நோய்க்குறி தோன்றிய பின் உயிர் பிழைத்தல் அரிதினும் அரிது.

செவலையின் எஞ்சிய ஐந்து குட்டிகளும் பிழைத்தன. அப்பத்தா காலையும் மாலையும் சோறு கொண்டுசென்றார். நாங்கள் சாக்கை மாற்றியதும், தொலைவில் நின்று எண்ணிப் பார்த்ததும் தவிர வேறொன்றும் செய்திலேம். எட்டு வாரம் கடந்த பின், நான்கினை அறிந்த வீட்டார் கொண்டுசென்றனர். ஒன்று எங்களிடம் வளர்கின்றது. நாய் ஆண்டிற்கு ஏறக்குறைய இருமுறை பருவமடைவது. கருவுற்ற ஒன்பது வாரத்தில் மீண்டும் ஒரு கூட்டம் தெருவிற் பிறக்கும். அவற்றுட் பல வண்டிச் சக்கரத்திலும் பசியிலும் மடியும். ஆதலின், பால் வற்றிய பின் செவலைக்குக் கருத்தடை அறுவையும் வெறிநோய்த் தடுப்பூசியும் செய்வித்தோம். ஈன்ற தாய்க்குச் செய்யும் உதவி அதனோடுதான் நிறைவுபெறும்.

நண்பர்களே, இரக்கம் மட்டும் உடையோர் குட்டியை எடுத்துச் செல்வர். இரக்கத்தோடு அறிவும் உடையோர் தாய்க்குச் சோறு இடுவர். கூடத்திற் கிடத்திய அக்குட்டியை எடுத்தவிடத்திலேயே விட்டிருப்பின், அதுவும் இன்று ஏதேனும் ஒரு வீட்டு வாயிலில் குரைத்துக்கொண்டிருக்கும். நும் தெருவில் நாய் ஈன்றதென்று கேட்பின், குட்டிகளை நோக்கிக் கை நீட்டுமுன், தாயின் முன் ஒரு கலம் நீர் உண்டா என்று பாருங்கள்.