உடற்தகுதிக் கைப்பட்டைகளின் கலோரிக் கணக்கு: அளவீடும் மதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

மணிக்கட்டில் அணியப்படும் உடற்தகுதிக் கைப்பட்டைகள் நடந்த அடிகள், இதயத்துடிப்பு, எரிக்கப்பட்ட கலோரி ஆகியவற்றை ஒரே திரையில், ஒரே தோற்றமுடைய எண்களாகக் காட்டுகின்றன. இவற்றுள் கலோரி எண் நேரடியாக அளக்கப்படுவது அன்று. வேறு அளவுகளிலிருந்து கணித்துப் பெறப்படுவது. அக்கணிப்பு நிகழும் முறை, பிழை நுழையும் இடங்கள், இந்திய உடல்களைப் பொறுத்து அப்பிழை சாயக்கூடிய திசை, கருவியைத் தேர்ந்தெடுப்போரும் அதன் எண்களை ஆய்வுத் தரவாகக் கொள்வோரும் கருத்தில் கொள்ள வேண்டியவை ஆகியன இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன.

குறிச்சொற்கள்: கைப்பட்டை, கலோரி, ஆற்றல் செலவு, இதயத்துடிப்பு வீதம், முடுக்கமானி, அடிப்படை வளர்சிதைமாற்றம்

முன்னுரை

அளவீடு, மதிப்பீடு என்னும் இரு சொற்களையும் தமிழ் வேறுபடுத்தியே வழங்குகிறது. துணிக்கடைக்காரர் கோல் கொண்டு துணியை அளக்கிறார். மாந்தோப்பைக் குத்தகைக்கு எடுப்பவரோ பூவையும் பிஞ்சையும் பார்த்து விளைச்சலை மதிப்பிடுகிறார். தாம் கூறும் எண் காற்றுக்கும் மழைக்கும் உட்பட்டது என்பதைக் குத்தகைதாரர் நன்கறிவார். கைப்பட்டை அணிந்தவருக்கு அந்த அறிவு பெரும்பாலும் வாய்ப்பதில்லை. ஏனெனில், திரையில் தோன்றும் ‘210’ என்னும் எண் தன்னை மதிப்பீடு என்று அறிவித்துக்கொள்வதில்லை.

இவ்வேறுபாடு வெறும் சொல்லாய்வு அன்று. மாலை நடையில் 210 கலோரி செலவாயிற்று என நம்புபவர் அதற்கு ஈடாக இரவுணவில் இரண்டு தோசைகளைக் கூட்டிக்கொள்ளக்கூடும். உடற்கல்வி, ஊட்டச்சத்தியல் துறைகளில் இதே எண் அட்டவணைக்குள் புகுந்து சராசரியும் திட்ட விலக்கமும் பெற்று முடிவாக மாறக்கூடும். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 471 இளையோரிடம் 24 மாதங்கள் நடத்தி 2016இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் குறிப்பிடத்தக்கது. உணவுக் கட்டுப்பாடும் ஆலோசனையும் இரு பிரிவினருக்கும் அளிக்கப்பட்டன. ஒரு பிரிவினர் கூடுதலாக ஆற்றல் செலவைக் காட்டும் அணிகருவியையும் பயன்படுத்தினர். கருவி அணியாதோர் சராசரியாக 5.9 கிலோவும் அணிந்தோர் 3.5 கிலோவும் எடை குறைந்தனர். இதற்குக் காரணம் இன்னதென அவ்வாய்வு நிறுவவில்லை. அதில் பயன்பட்ட கருவி மேற்கையில் அணியப்படுவது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். எனினும் கருவி இருந்தாலே எடை குறையும் என்னும் எதிர்பார்ப்புக்கு அது ஆதரவளிக்கவில்லை.

ஆற்றல் செலவை அளக்கும் முறைகள்

உடல் செலவிடும் ஆற்றலை அளப்பது அரிய செயல். 1780களில் லவாய்சியரும் லாப்லாசும் பனிக்கட்டி சூழ்ந்த கலனுக்குள் கினிப்பன்றியை வைத்து, உருகிய பனியைக் கொண்டு அதன் உடல் வெப்பத்தைக் கணக்கிட்டனர். 1890களில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அட்வாட்டர் தம் துணைவர்களுடன் மனிதர் நாள்கணக்கில் தங்கக்கூடிய கலோரிமானி அறையை உருவாக்கினார். இவ்விரண்டும் வெப்பத்தையே அளந்த நேர்முறைகள்.

இன்று ஆய்வுக்கூடங்களில் பெரிதும் வழங்குவது மறைமுகக் கலோரி அளவியல். முகமூடி அணிந்தவர் உள்ளிழுக்கும் ஆக்சிஜனும் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடும் அளக்கப்படுகின்றன. 1949இல் வெய்ர் வகுத்த சமன்பாட்டின்படி, நுகரப்பட்ட ஆக்சிஜனை லிட்டர் கணக்கில் 3.941ஆலும் வெளியிடப்பட்ட கார்பன் டை ஆக்சைடை 1.106ஆலும் பெருக்கிக் கூட்டினால் கிலோகலோரி கிடைக்கும். (அன்றாட வழக்கிலும் கைப்பட்டைத் திரையிலும் ‘கலோரி’ எனப்படுவது இந்தக் கிலோகலோரியே. இக்கட்டுரையும் அவ்வழக்கையே பின்பற்றுகிறது.)

ஆய்வுக்கூடத்துக்கு வெளியே, இயல்பு வாழ்வில் அளக்க இரட்டைக் குறியிட்ட நீர்முறை உள்ளது. டியூட்ரியமும் ஆக்சிஜன்-18உம் கலந்த நீரை ஒருவர் பருகுகிறார். டியூட்ரியம் நீராக மட்டுமே உடலை விட்டு நீங்கும். ஆக்சிஜன்-18 நீராகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீங்கும். இரண்டும் குறையும் வேகங்களின் வேறுபாட்டைச் சிறுநீர் மாதிரிகளில் கண்டறிந்தால், உடல் வெளியிட்ட கார்பன் டை ஆக்சைடின் அளவு தெரியவரும். 1950களில் நாதன் லிஃப்சன் விலங்குகளில் வளர்த்த இம்முறையை 1982இல் டேல் ஷோல்லர் மனிதரிடம் பயன்படுத்தினார். ஓரிரு வாரங்களுக்கான மொத்தச் செலவை இது நம்பகமாகத் தரும். ஆனால் செவ்வாய்க்கிழமை மாலை நடைக்கு எவ்வளவு என்று கேட்டால் விடை தராது. கைப்பட்டை வாக்களிப்பதோ அந்த விடையைத்தான்.

கைப்பட்டை அறிவது என்ன?

கைப்பட்டை மூச்சை அறியாது. உடலின் மொத்த வெப்பத்தையும் அறியாது. அது உண்மையில் உணர்வன இரண்டே. முதலாவது, முடுக்கமானி பதிவு செய்யும் மணிக்கட்டின் அசைவு. இரண்டாவது, தோலின் மீது பச்சை ஒளியைப் பாய்ச்சித் திரும்பும் ஒளியின் ஏற்ற இறக்கத்திலிருந்து பெறும் நாடித்துடிப்பு. குருதி பச்சை ஒளியை உறிஞ்சுவதால் ஒவ்வொரு துடிப்பின்போதும் திரும்பும் ஒளி சற்றுக் குறைகிறது. இவற்றுடன் பயனர் தாமே உள்ளிட்ட வயது, பால், உயரம், எடை ஆகியவை சேர்கின்றன. மூன்றாண்டுகளுக்கு முன் உள்ளிட்ட எடையை மாற்றாதவருக்கு, கருவி அந்தப் பழைய உடலுக்கே கணக்கிட்டுக்கொண்டிருக்கும்.

மணிக்கட்டின் அசைவு உடலின் உழைப்புக்குச் சமம் அன்று. கடையில் தள்ளுவண்டியைப் பிடித்தபடி நடப்பவரின் கை அசைவதில்லை. அடிகள் பல எண்ணப்படாமல் விடுபடும். மிதிவண்டி ஓட்டுபவரின் கால்கள் உழைக்க, கை கைப்பிடியில் ஓய்ந்திருக்கும். இடுப்பில் நீர்க்குடம் சுமந்து நடப்பவரின் சுமையைக் கருவி அறியாது. வெறுங்கையுடன் நடந்ததாகவே அது கருதும்.

எண் உருவாகும் விதம்

இவ்வுணர்வுகளிலிருந்து கலோரியைப் பெற நிறுவனங்கள் கையாளும் கணிப்புமுறைகள் பெரும்பாலும் வணிக மறைபொருள்கள். எனினும் உடலியங்கியல் நூல்கள் வழங்கும் அடிப்படைகள் வெளிப்படையானவை.

முதலில் ஓய்வுநிலைச் செலவு. 1919இல் ஹாரிஸ், பெனடிக்ட் இருவரும் தந்த சமன்பாடும் 1990இல் வெளிவந்த மிஃப்ளின்–செயின்ட் ஜியோர் சமன்பாடும் இதற்குப் பெயர்பெற்றவை. பின்னதன்படி 40 வயதும் 170 செ.மீ. உயரமும் 70 கிலோ எடையும் உடைய ஆணின் ஓய்வுநிலைச் செலவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1568 கலோரி. இது அம்மனிதரின் எண் அன்று, அவரையொத்தோரின் சராசரி.

அடுத்து உழைப்பின் மடங்கு. ‘மெட்’ எனப்படும் அலகில், அமைதியாக அமர்ந்திருத்தல் 1 எனக் கொள்ளப்படும். அது ஒரு கிலோ எடைக்கு ஒரு மணிக்கு 1 கலோரி, அல்லது நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன். இந்த 3.5 என்னும் எண்ணே ஐயத்துக்குரியது. 769 வயதுவந்தோரின் தரவைக் கொண்டு 2005இல் வெளியான ஆய்வு, உண்மைச் சராசரி ஏறத்தாழ 2.6 மில்லிலிட்டர்தான் என்று காட்டியது. அளவுகோலின் முதற்கோடே இடம் தவறியிருந்தால் பிற கோடுகளின் நிலை சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது இதயத்துடிப்பு. மிதமான உழைப்பு முதல் கடும் உழைப்பு வரை இதயத்துடிப்புக்கும் ஆக்சிஜன் நுகர்வுக்கும் ஏறத்தாழ நேர்கோட்டுத் தொடர்பு உண்டு. ஆனால் அக்கோட்டின் சாய்வு ஆளுக்கு ஆள் வேறுபடும். பயிற்சி பெற்றவரின் இதயம் ஒரு துடிப்பில் மிகுந்த குருதியை வெளியேற்றும். ஓய்வுநிலையில் இத்தொடர்பு நெகிழ்ந்துவிடுகிறது. அச்சம், காப்பி, காய்ச்சல் ஆகியனவும் துடிப்பை உயர்த்தும். வெயிலும் அவ்வாறே. சென்னையில் ஒரே தெருவில் ஒரே வேகத்தில் மார்கழியிலும் கத்திரி வெயிலிலும் நடப்பவரின் துடிப்பு பின்னதில் உயர்ந்திருக்கும். உடலைக் குளிர்விக்கக் குருதி தோலுக்குத் திருப்பப்படுவதே இதற்குக் காரணம். துடிப்பு உயர்ந்த அளவுக்கு ஆற்றல் செலவு உயர்வதில்லை. துடிப்பைப் பெரிதும் சார்ந்த கணிப்பு இவ்வேறுபாட்டை உழைப்பாகப் படித்துவிடக்கூடும்.

இன்னொரு குழப்பம் பிழை சார்ந்தது அன்று, பொருள் சார்ந்தது. 60 கிலோ எடையுள்ளவர் 3.5 மெட் அளவில் ஒரு மணிநேரம் நடந்தால் கணக்குப்படி 210 கலோரி. அந்நேரம் முழுவதும் அமர்ந்திருந்தாலும் அவர் 60 கலோரி செலவிட்டிருப்பார். நடையால் நேர்ந்த கூடுதல் 150 மட்டுமே. சில கருவிகள் மொத்தத்தையும் சில கூடுதலை மட்டும் தனித்தும் காட்டுகின்றன. ஃபிட்பிட் கருவிகள் ஓய்வுநிலைச் செலவையும் சேர்த்தே நாள் கணக்கைக் காட்டுவதால், கண்விழிக்கும்போதே சில நூறு கலோரிகள் ‘எரிந்திருப்பதை’ அவற்றை அணிந்தோர் காண்கின்றனர். ஆப்பிள் கடிகாரத்தின் நகர்வு வளையமோ அசைவால் நேர்ந்த செலவை மட்டும் கணக்கில் கொள்கிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது மொத்த ஊதியத்தையும் கைக்கு வரும் ஊதியத்தையும் ஒப்பிடுவது போன்றது.

ஸ்டான்ஃபோர்டு ஆய்வு காட்டியவை

2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏழு கருவிகளை 60 தன்னார்வலர்களிடம் சோதித்து முடிவுகளை வெளியிட்டனர். அமர்தல், நடத்தல், ஓடுதல், மிதிவண்டி ஓட்டுதல் ஆகிய நிலைகளில் கருவியின் எண்கள், இதய மின்வரைவுடனும் மூச்சுவாயு அளவீட்டுடனும் ஒப்பிடப்பட்டன. மிதிவண்டிப் பயிற்சியில் ஆறு கருவிகளின் இதயத்துடிப்புப் பிழை 5 விழுக்காட்டுக்கும் குறைவு. ஆற்றல் செலவிலோ ஒரு கருவியும் 20 விழுக்காட்டுப் பிழைக்குக் கீழே வரவில்லை. மிகச் சிறந்ததன் பிழை ஏறத்தாழ 27 விழுக்காடு. மிக மோசமானதன் பிழை 93 விழுக்காடு. உண்மைச் செலவு 210 என்றால், சிறந்த கருவியும் 153 என்றோ 267 என்றோ காட்டுவது இயல்பே என்பது இதன் பொருள்.

ஒரே கருவி, ஒரே மணிக்கட்டு, ஒரே நிமிடம். துடிப்பில் நம்பகம், கலோரியில் தடுமாற்றம். உணர்வியின் குறை என்று மட்டும் இதைத் தள்ளிவிட இயலாது. துடிப்பிலிருந்து கலோரிக்குத் தாவும் அந்த ஒரு படியிலேயே பிழையின் பெரும்பங்கு இருக்கிறது. அங்குச் சோதிக்கப்பட்டவை பழைய கருவிகள் என்பது நியாயமான மறுப்பே. உணர்விகள் மேம்பட்டிருக்கின்றன, ஆனால் மூச்சை அளக்காமல் ஆற்றலைக் கணிக்கும் அடிப்படைச் சிக்கல் மாறவில்லை.

தோல்நிறம் பற்றிய கேள்வி தமிழ் வாசகர்களுக்கு இயல்பாகவே எழும். ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் கருந்தோலுடையோரிடமும் உடல்நிறை எண் மிகுந்தோரிடமும் பிழை கூடுதலாக இருந்தது. 2020இல் டியூக் பல்கலைக்கழகத்தார் 53 பேரிடம் நடத்திய இதயத்துடிப்பு ஆய்வில் தோல்நிறத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஓய்வைவிட உழைப்பின்போதே பிழை மிகுந்தது. இரண்டும் சிறு குழுக்களில் நடந்தவை. இவற்றைக் கொண்டு கேள்வி தீர்ந்ததாகக் கொள்வதற்கில்லை.

சமன்பாடுகளும் இந்திய உடலும்

இந்தியரைப் பொறுத்தவரை தோல்நிறத்தைக் காட்டிலும் ஆழமான சிக்கல் ஓய்வுநிலைச் சமன்பாட்டில் உள்ளது. உலக நலவாழ்வு நிறுவனம் உள்ளிட்ட ஐ.நா. அமைப்புகள் 1985இல் ஏற்ற ஸ்கோஃபீல்டு சமன்பாடுகளுக்கு அடிப்படையான 7173 தரவுகளில் 3388, அதாவது 47 விழுக்காடு, இத்தாலியரிடமிருந்து பெறப்பட்டவை. வெப்பமண்டல மக்களின் அடிப்படை வளர்சிதைமாற்றத்தை இச்சமன்பாடுகள் மிகைப்படுத்துகின்றன என்பதை 1991இல் ஹென்றியும் ரீஸும் எடுத்துக்காட்டினர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் வல்லுநர் குழுவும் இந்தியருக்கு ஏறத்தாழ 5 விழுக்காடு குறைத்துக் கணக்கிட்டது.

30 முதல் 60 வயதுக்குட்பட்ட, 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஸ்கோஃபீல்டு சமன்பாடு தருவது 1575 கலோரி. 5 விழுக்காடு குறைத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 79 கலோரி கழியும். தனிநாளில் இது சிறு தொகை. நாள்தோறும் ஒரே திசையில் சாய்வதால் சிறிதன்று. அங்குமிங்கும் அலையும் பிழை சராசரியில் கரையும். ஒருபுறமே சாயும் பிழை சேர்ந்துகொண்டே போகும். எந்தக் கருவி எச்சமன்பாட்டைக் கையாள்கிறது என்பது உறையில் அச்சிடப்படுவதில்லை.

தேர்வும் பயன்பாடும்

எனவே, கலோரி எண்ணின் துல்லியத்தைக் காரணமாகக் கொண்டு ஒரு கருவியை மற்றொன்றைவிட மேலானதாகத் தேர்வதற்குப் போதிய அடிப்படை இல்லை. பட்டை தோலோடு நழுவாமல் பொருந்துதல், மின்கலம் நீடித்தல், மிதிவண்டி போன்ற பயிற்சிகளைத் தனியே பதியும் வசதி, நெஞ்சுப்பட்டையுடன் இணையும் திறன் ஆகியவையே பயனுள்ள அளவுகோல்கள். நெஞ்சுப்பட்டை இதயத்தின் மின்குறிப்பை நேரடியாக வாங்குவதால் கடும் பயிற்சியில் மணிக்கட்டு ஒளியுணர்வியைவிட நம்பத்தக்கது. அடிகளை எண்ண மட்டும் விரும்புபவருக்கு விலை குறைந்த கருவியே போதும். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த மான்போ-கெய் என்னும் அடியெண்ணி கலோரியைப் பற்றி எதுவும் பேசாமலேயே ‘பத்தாயிரம் அடி’ என்னும் இலக்கை உலகுக்குத் தந்துவிட்டது.

கலோரி எண்ணை அறவே புறந்தள்ளவும் வேண்டியதில்லை. ஒரே கருவியை ஒரே கையில் அணிந்து ஒரே வகைப் பயிற்சியைச் செய்பவருக்குச் சென்ற வாரத்தைவிட இவ்வாரம் உழைப்பு கூடியதா என்பதை அது ஓரளவு காட்டும். உணவுத் தட்டுக்கும் அந்த எண்ணுக்கும் இடையே கழித்தல் கணக்குப் போடுவதையே தவிர்க்க வேண்டும். உண்ட உணவின் கலோரியும் ஒரு மதிப்பீடே. இரு மதிப்பீடுகளின் வேறுபாட்டில் பிழை விகிதம் பெருகும். வாரத்துக்கு ஒருமுறை ஒரே நேரத்தில் எடைப்பொறியில் நிற்பது இதைவிட நேர்மையான சான்று.

ஆய்வாளர் இவ்வெண்களைத் தரவாகக் கொள்ள நேர்ந்தால் கருவியின் மாதிரி, அதன் மென்பொருள் பதிப்பு, அணிந்த கை, உள்ளிட்ட உடல் விவரங்கள் ஆகியவற்றைப் பதிவு செய்தல் இன்றியமையாதது. ஆய்வின் நடுவே மென்பொருள் புதுப்பிக்கப்பட்டால், உடல் மாறாமலேயே எண் மாறக்கூடும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயன்றவரை நிறுத்திவைப்பது நலம். கலோரிக்கு மாற்றாக அடி எண்ணிக்கையையும் இதயத்துடிப்பையும் தரவாக எடுப்பது மேலும் பாதுகாப்பானது. இரு பிரிவினரை ஒப்பிடும் ஆய்வில் ஒரு பிரிவினருக்கு ஒரு நிறுவனக் கருவியும் மற்றவருக்கு வேறொரு நிறுவனக் கருவியும் அளித்தால், ஒப்பிடப்படுபவர்கள் மனிதர்களா கணிப்புமுறைகளா என்பதை எந்தப் புள்ளியியல் சோதனையாலும் பிறகு பிரித்தறிய இயலாது.