ரிக் வாங்கப் போறீங்களா? ஒரு நிமிஷம் நில்லுங்க பாஸ்!

காரைக்குடிப் பக்கம் நாலு நண்பர்கள் சேர்ந்து ஜிம் ஆரம்பிக்கலாம்னு உட்கார்ந்தா, முதல் சண்டை எதுக்கு வரும் தெரியுமா? எந்த மெஷினை முதல்ல வாங்கறதுங்கறதுக்குத்தான்! ஒருத்தர் லெக் பிரஸ் என்பார், இன்னொருத்தர் கேபிள் மெஷின் என்பார். கையில் இருக்கிற காசோ கொஞ்சம். இந்தச் சண்டையைத் தீர்த்து வைக்க வந்ததுதான் மாடுலர் ரிக்.

மெக்கானோ செட் மாதிரிதான் இதுவும். ஓட்டை போட்ட இரும்புத் தூண்கள், அவற்றை இணைக்கிற குறுக்குச் சட்டங்கள், மேலே புல்-அப்ஸ் எடுக்கக் கம்பி. இன்னைக்கு ஒரு கூண்டு போதும். அடுத்த வருஷம் கூட்டம் சேர்ந்தா, பக்கத்திலேயே இன்னொண்ணைப் போல்ட் போட்டு நீட்டிக்கலாம்.

'பாரும் பிளேட்டும் மட்டும் வெச்சு என்ன சாதிக்க முடியும்?'னு கேட்கறீங்களா? வேலூர் சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ, 2018 கோல்டு கோஸ்ட் என இரண்டு காமன்வெல்த் போட்டிகளிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினாரே... அது பாரும் பிளேட்டும் கொடுத்த தங்கம்தான்! நம்ம பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையைச் சேர்ந்த அனுராதா 2019-ல் சமோவாவில் நடந்த காமன்வெல்த் பளுதூக்கும் சாம்பியன்ஷிப்பில் தங்கம் வென்றதும் அப்படித்தான்.

டேப்பை எடுங்க!

ஆண்களுக்கான போட்டி பார் 20 கிலோ, நீளம் 2.2 மீட்டர். பெண்களுக்கானது 15 கிலோ, 2.01 மீட்டர். ரெண்டுக்குமே பிளேட் மாட்டும் பகுதிகளுக்கு நடுவே உள்ள தூரம் 1.31 மீட்டர். அதனால் ரிக்கின் வெளி அகலம் அதைவிடக் குறைவா, சுமார் 4 அடிதான் இருக்கணும். கூடினால் பார் உட்காரவே உட்காராது.

ரெண்டு கூண்டுகளுக்கு நடுவே 6 அடி விடுங்க. ஒவ்வொரு பாரும் ரெண்டு பக்கமும் அரை மீட்டர் நீட்டிக்கிட்டு நிற்கும். நடுவே நின்னு பிளேட் மாட்ட ஆளுக்கு இடம் வேண்டாமா?

தூண் இரும்பின் கனம் 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். நம்ம ஊர் வெல்டிங் பட்டறையில் செய்யச் சொன்னால், எல்லா ஓட்டையும் ஒரே அளவு, ஒரே இடைவெளி என்பதில் கறாரா இருங்க. அதில் பிசகினால் நாளைக்கு வேற இடத்தில் வாங்கும் உதிரி எதுவும் பொருந்தாது. அப்புறம் என்ன மாடுலர்?

ஆத்தங்குடி கல் ஜாக்கிரதை!

நம்ம ஊர் வீடுகளில் உயரமான கூரை பெரிய வரப்பிரசாதம். புல்-அப்ஸ் எடுக்கும்போது தலை இடிக்காது. ஆனால் தரை? ஆத்தங்குடி கல் சூளையில் சுட்டது இல்லை; சிமென்ட்டையும் மணலையும் கண்ணாடி மேல் வார்த்துக் கையால் செய்வது. அதன் மேல் 100 கிலோ பார் விழுந்தால் என்ன ஆகும்னு சொல்லணுமா? அந்தத் தரையில் டிரில் போட்டு ரிக்கை நிறுத்துவதும் வேண்டாம், பழைய சுண்ணாம்புச் சுவரில் மாட்டுவதும் வேண்டாம். போல்ட் அடிக்கக் கெட்டியான கான்கிரீட் தளம் வேண்டும். அது பின்கட்டிலோ, வாடகை ஷெட்டிலோ கிடைத்தால் அங்கே போங்க. தரை மேல் தடிமனான ரப்பர் மேட் கட்டாயம்.

காசு மிச்சம் பிடிக்கக்கூடாத இடம்

லிஸ்ட்ல முதல்ல அடிபடுறது பாவம், சேஃப்டி கம்பிதான். 'அதான் பிடிக்க ஆள் இருக்கே'ம்பாங்க. ஆனா ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருத்தர் மட்டும் தனியா பெஞ்ச் பிரஸ் பண்ணுவார். கை தளர்ந்து பார் கழுத்தில் இறங்கினால் உயிரே போகலாம். படுத்த நிலையில் நெஞ்சுக்குச் சற்றுக் கீழே, கழுத்துக்கு மேலே நிற்கிற மாதிரி சேஃப்டியை மாட்டுங்க. வெறும் பாரை அதன் மேல் இறக்கிப் பார்த்த பிறகுதான் பிளேட்டே ஏற்றணும். இதுக்காகவே தூணில் ஓட்டைகள் நெருக்கமா இருக்கணும். ஒரு ஓட்டை மேலே போனால் பார் நெஞ்சைத் தொடாது. ஒண்ணு கீழே போனால் ஆபத்து.

பட்ஜெட் இடிக்குதா? ரெண்டாவது கூண்டை அடுத்த பொங்கலுக்குத் தள்ளிப் போடுங்க. அதுவரை முறை வெச்சு ஏறுங்க. சேஃப்டி கம்பியை மட்டும் முதல் பில்லிலேயே வாங்கிடுங்க பாஸ்!