மூணாறு டிரிப் பிளானா? இரவிகுளம் தேசியப் பூங்காவில் என்னவெல்லாம் செய்யலாம், எப்போ போகக் கூடாது?

பிப்ரவரி மாதம். லீவு கிடைத்த சந்தோஷத்தில் கோவையிலிருந்து விடியற்காலையிலேயே கார் எடுக்கிறீர்கள். உடுமலை, சின்னார், மறையூர் என்று மலையேறி, மூணாறுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கிற அஞ்சாம் மைலில் வண்டியை நிறுத்தினால், பூங்கா கேட் பூட்டியிருக்கிறது. விசாரித்தால், "வரையாடு குட்டி போடுற சீசன். ஏப்ரல்ல வாங்க" என்று பதில் வரும்.

இந்த ஏமாற்றம் வேண்டாம் என்றால், இரவிகுளம் எப்படி இயங்குகிறது என்று தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது. அங்கே செய்யக்கூடியவை எவை, செய்யக் கூடாதவை எவை, அந்தக் கட்டுப்பாடுகளுக்குக் காரணம் என்ன? பார்க்கலாம்.

இரவிகுளத்தில் அப்படி என்ன ஸ்பெஷல்?

கேரளாவின் இடுக்கி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் 97 சதுர கிலோமீட்டர் பரப்பில் இருக்கிறது இந்தப் பூங்கா. 1975-ல் சரணாலயமாகவும், 1978-ல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. கேரளாவின் முதல் தேசியப் பூங்கா இதுதான். தென்னிந்தியாவின் உயரமான சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இதற்குள்தான் நிற்கிறது.

பூங்காவின் பெரும்பகுதி நமக்குக் கிடையாது. சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருப்பது ராஜமலை என்கிற ஓரப்பகுதி மட்டும். "அவ்வளவுதானா?" என்று தோணலாம். ஆனால் அந்தச் சின்ன இடத்தில் பார்க்கக் கிடைப்பது அதிகம்.

ராஜமலையில் என்ன செய்யலாம்?

சொந்த வண்டியை உள்ளே விட மாட்டார்கள். அஞ்சாம் மைலிலிருந்து வனத்துறை பஸ்ஸில்தான் போக வேண்டும். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து ஏறும் அந்தப் பயணத்தில் ஜன்னல் சீட் கிடைத்தால் அதிர்ஷ்டம். டிக்கெட்டை ஆன்லைனில் முன்பதிவு செய்யலாம். வார இறுதியில் நேரே போனால் வரிசை நீளும்.

பஸ் இறக்கிவிட்ட பிறகு நடை. ஒரு பக்கம் செங்குத்தான பாறை, இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு. நடுவில் தார் போட்ட பாதை. வயதானவர்களும் குழந்தைகளும் மெதுவாக ஏறிவிடக்கூடிய ஏற்றம்தான். அவசரமே வேண்டாம். பத்து நிமிஷம் ஒரே இடத்தில் நின்று பாறையைக் கவனித்தால், கல் என்று நினைத்த ஒன்று தலையைத் திருப்பும். அதுதான் வரையாடு.

பறவை பார்ப்பவர்களுக்கும் இது நல்ல இடம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத நீலகிரி நெட்டைக்காலி, நீலகிரி காட்டுப்புறா போன்றவை இந்த மலைகளில் உண்டு. ஒரு பைனாகுலர் இருந்தால் போதும். காலையில் முதல் பஸ்ஸில் போனால் கூட்டமும் குறைவு, பனி விலகுவதையும் பார்க்கலாம். மதியத்துக்கு மேல் பல நாள் மேகம் இறங்கி மலையையே மறைத்துவிடும்.

வரையாடு நம்மைப் பார்த்து ஏன் ஓடுவதில்லை?

பொதுவாக வரையாடு கூச்ச சுபாவம் உள்ள விலங்கு. மனித வாடை பட்டால் பாறை இடுக்கில் மறைந்துவிடும். ராஜமலையில் மட்டும் பாதை ஓரத்திலேயே நின்று புல் மேயும். கறுத்த உடலும் முதுகில் வெள்ளி பூசியது போன்ற திட்டும் இருந்தால், அது வளர்ந்த கிடா.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இந்தக் கண்ணன் தேவன் மலைகள் தேயிலை நிறுவனத்தின் கையில் இருந்தன. தோட்டத் துரைகளுக்கு இரவிகுளம் வேட்டைக் களம். வேட்டைக்கு விலங்கு மிஞ்ச வேண்டுமே என்பதற்காக அவர்களே கட்டுப்பாடு கொண்டுவந்தார்கள். இந்த மலையை நன்கு அறிந்த முதுவர் பழங்குடியினர்தான் காவல் வேலை பார்த்தார்கள். 1971-ல் சட்டம் கொண்டுவந்து கேரள அரசு நிலத்தை மீட்டது. அதன் பிறகுதான் சரணாலயம், தேசியப் பூங்கா எல்லாம். பல தலைமுறைகளாகத் துப்பாக்கிச் சத்தம் கேட்காத மந்தை இது. நம்மைக் கண்டு பயப்படாததற்கு அதுதான் காரணம்.

2025 ஏப்ரலில் தமிழ்நாடும் கேரளாவும் ஒரே நேரத்தில் நடத்திய கணக்கெடுப்பில் மொத்தம் 2,668 வரையாடுகள் பதிவாயின. கேரளாவில் 1,365, தமிழ்நாட்டில் 1,303. உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக இவை கிடையாது. அதில் பெரிய கூட்டம் இரவிகுளத்தில்தான். தமிழ்நாட்டின் மாநில விலங்கும் இதுவே. 2023-ல் தமிழ்நாடு அரசு இதற்கென்றே 'நீலகிரி வரையாடு திட்டம்' தொடங்கியது.

பக்கத்தில் வருகிறதே என்று சிப்ஸ் நீட்டுவது, தொட்டுப் பார்ப்பது, செல்ஃபிக்காகக் குறுக்கே நிற்பது எல்லாம் தவறு. அத்தனை வருஷம் சேர்த்த நம்பிக்கையை நாம் கெடுக்கக் கூடாது இல்லையா?

பிப்ரவரி, மார்ச்சில் ஏன் பூட்டு?

மழைக்காலத்தில் இணை சேரும் வரையாடு, சுமார் ஆறு மாதம் கழித்து ஜனவரி, பிப்ரவரியில் குட்டி போடும். பெரும்பாலும் ஒரே ஒரு குட்டி. அந்தச் சமயத்தில் தாய் மிரண்டு ஓடினால் குட்டி தனியாக நின்றுவிடும். சிறுத்தை, செந்நாய் எல்லாம் இருக்கிற காட்டில் அதன் கதி என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் பொதுவாக பிப்ரவரி தொடக்கம் முதல் மார்ச் கடைசி வரை பூங்காவை மூடிவிடுகிறார்கள். வருஷத்துக்கு வருஷம் தேதி கொஞ்சம் மாறலாம். ஹோட்டல் புக் பண்ணும் முன் பூங்காவின் இணையதளத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

பாதையை விட்டுப் புல்வெளியில் இறங்கினால் என்ன?

ரீல்ஸ் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு வருகிற முதல் ஆசை இதுதான். மேடெல்லாம் புல், மடிப்புகளில் எல்லாம் குட்டையான அடர்ந்த மரங்கள். அந்த மரக்கூட்டத்துக்குத்தான் சோலை என்று பெயர். இந்தப் புல்லும் சோலையும் சேர்ந்து மழைநீரை ஸ்பான்ஜ் மாதிரி உறிஞ்சி, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

அந்தத் தண்ணீரில் ஒரு பங்கு நம்ம ஊருக்கு வருகிறது. ஆனைமுடிப் பக்கம் பிறக்கும் பாம்பாறு கிழக்கே ஓடி, மறையூரைத் தாண்டி, அமராவதி அணையில் சேர்கிறது. உடுமலை, தாராபுரம், கரூர் பக்கத்து வயல்களுக்குப் பாய்வது அந்த ஆறுதான். புல் மிதிபட்டு மண் அரித்தால் அதன் விளைவு கீழே உள்ளவர்களுக்கும்தான்.

நீலக்குறிஞ்சி பார்க்க முடியுமா?

இப்போதைக்கு முடியாது. 12 வருஷத்துக்கு ஒருமுறை மலை முழுக்க ஒன்றாகப் பூக்கும் செடி அது. 2006-ல் பூத்தது, அடுத்து 2018-ல். அந்த முறை சீசன் தொடங்கும் ஆகஸ்ட்டில்தான் கேரள வெள்ளமும் வந்து, மூணாறுக்கான சாலைகள் துண்டிக்கப்பட்டன. அடுத்த பெரிய பூப்பு 2030-ல். நடுவில் "குறிஞ்சி பூத்துடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் வருவது பெரும்பாலும் வேறு வகைக் குறிஞ்சியாக இருக்கும். அந்தக் குடும்பத்தில் பல இனங்கள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கணக்கு.

டிரெக்கிங் போகணும்னா?

ஆனைமுடி ஏறலாம் என்ற ஆசையை விட்டுவிடுங்கள். சாதாரணச் சுற்றுலாப் பயணிகளுக்கு அதில் ஏற அனுமதி இல்லை. வேறு வழிகள் இருக்கின்றன.

* சின்னார் சரணாலயம்: இரவிகுளத்தை ஒட்டியே இருக்கிறது, ஆனால் மழை மறைவுப் பகுதி. சில மணி நேரக் கார் பயணத்தில் குளிர்ந்த சோலையிலிருந்து முள்காட்டுக்கு வந்துவிடலாம். நட்சத்திர ஆமைக்கும் சாம்பல் நிற அணிலுக்கும் பேர் போன காடு. பழங்குடி வழிகாட்டிகளோடு போகும் நடைகளை வனத்துறையே நடத்துகிறது.
* பாம்பாடும் சோலை: வட்டவடை போகும் வழியில் இருக்கும் சிறிய தேசியப் பூங்கா. அடர்ந்த சோலைக்குள் நடக்கிற அனுபவம் இங்கே கிடைக்கும்.
* மறையூர்: பெரிய நடை வேண்டாம் என்பவர்களுக்கு. முனியறை என்று உள்ளூரில் சொல்லும் பெருங்கற்காலக் கல்லறைகள், சந்தனக் காடு, 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லம் என ஒரு நாள் போய்விடும்.
* தமிழ்நாட்டுப் பக்கம்: 2024 அக்டோபரில் தொடங்கிய 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 வழித்தடங்கள் உள்ளன. ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு அழைத்துப் போவார்கள். தேனி மாவட்டத்தின் குரங்கணி - சாம்பலாறு தடமும் இதில் உண்டு.

குரங்கணி என்றதும் பலருக்கும் 2018 மார்ச் 11 நினைவுக்கு வரும். கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த குழுவைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் இறந்தார்கள், அதில் பலர் நம்மைப் போல வார இறுதிக்கு மலை ஏறிய இளைஞர்கள். அவர்கள் போன தடத்துக்கு அனுமதி இல்லை என்று பிறகு வனத்துறை சொன்னது. அனுமதிச் சீட்டு என்பது வெறும் ஃபார்மாலிட்டி இல்லை. நீங்கள் எந்த மலையில், எத்தனை பேரோடு இருக்கிறீர்கள் என்று கீழே ஒருவருக்குத் தெரியும் என்பதுதான் அதன் அர்த்தம். தீ சீசனில் டிரெக்கிங்கை நிறுத்துவதும் இதனால்தான். "ரகசிய ரூட் இருக்கு, பெர்மிட் எல்லாம் வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அந்த டிரிப் வேண்டாம்.

எப்போ போனால் நல்லது?

செப்டம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை போகலாம். டிசம்பர், ஜனவரியில் சில நாள் உறைபனியே விழும், அதனால் ஸ்வெட்டர் கட்டாயம். ஏப்ரல், மே மாதங்களில் குளிர் குறைவு, கூட்டம் அதிகம்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மலை பச்சைப் பசேல் என்று இருக்கும், ஆனால் மழையை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, ராஜமலையை ஒட்டிய பெட்டிமுடியில் நிலச்சரிவு ஏற்பட்டுத் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகள் மண்ணோடு போயின. 70 உயிர்கள் பலியாயின. பெரும்பாலும் தமிழ்நாட்டைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பங்கள். ரெட் அலர்ட், ஆரஞ்சு அலர்ட் இருந்தால் டிரிப்பைத் தள்ளிப்போடுங்கள்.

கிளம்பும் முன் ஒரு செக்லிஸ்ட்

* பூங்கா திறந்திருக்கிறதா என்று பார்த்து, காலை நேர டிக்கெட்டை முன்பதிவு செய்யுங்கள்.
* கிரிப் உள்ள ஷூ, மழைக்கோட்டு, தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம்.
* டிரோனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.
* சின்னார் சாலையைப் பகலிலேயே கடந்துவிடுங்கள். யானை நடமாடும் வழி அது. மூணாறு சாலைகளில் 'படையப்பா' என்று உள்ளூர்க்காரர்கள் பெயர் வைத்த கொம்பன் யானை வருவதும் உண்டு. யானையைப் பார்த்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன், ஃபிளாஷ், வீடியோவுக்காகக் கிட்டே போவது எதுவும் கூடாது.

இவ்வளவு கட்டுப்பாடா என்று அலுத்துக்கொள்ளலாம். ஆனால் ராஜமலைப் பாதையில் ஒரு வரையாடு உங்களைக் கண்டுகொள்ளாமல் கைக்கெட்டும் தூரத்தில் புல் மேயும்போது காரணம் புரிந்துவிடும். நமக்கு முன்னால் வந்தவர்கள் அதைத் துரத்தவில்லை. நமக்குப் பின்னால் வருகிறவர்களும் அதை அப்படியே பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.